டர்ன்புல் ஓடையின் நூறு ஓட்டுகள்

டர்ன்புல் ஓடை, ஹூவான் பள்ளத்தாக்கு, டாஸ்மேனியா
6 மார்ச் 1911

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மனசில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மதியப் படகில் உன் வீட்டுக்காரர் கிளாரன்ஸ் வந்திறங்கினார். கூட இரண்டு பேர், கையில் அளவுச் சங்கிலி. நான் மேல்பக்கத்தில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தேன். கீழே வந்து பார்த்தால் என் ராஸ்பெர்ரிச் செடிகளுக்கு நடுவில் புகுந்து அளந்துகொண்டிருக்கிறார்கள். "என்ன அத்தான், செத்தவனுக்குக் குழி அளக்கிறீங்களா?" என்று கேட்டேன். "கோவப்படாத லெம், ஹெப்சிபாவுக்கும் இதுல பாதி இருக்கு. ஆலைக்காரங்க நல்ல விலை தரேங்கறாங்க. அளந்து பாத்தா தப்பா?" என்கிறார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை மனுஷன்.

அப்பா உயிலில் நம் இரண்டு பேர் பெயரையும் எழுதிவைத்தார். ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் விற்க முடியாது. என் கையெழுத்து கிடைக்காது. எழுதி வைத்துக்கொள்.

எந்த ஆலைக்கு விற்கச் சொல்கிறாய்? ஹோபார்ட்டில் நாலு ஜாம் ஆலை. நாலு முதலாளிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பழத்துக்கு ஒரே விலை பேசி வைத்துக்கொள்கிறார்கள். அந்த விலையை வந்து சொல்கிற பழக் கொள்முதல்காரர் உன் புருஷன். எங்களைப் பட்டினி போட்டுவிட்டு, பசித்தவனிடம் நிலத்தையும் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 26 வரட்டும். அன்றைக்கு நாடு முழுக்க ஓட்டு. ஒரு மாநிலத்துக்குள்ளேயே நடக்கிற வியாபாரத்தை இன்றைக்கு மத்திய சர்க்கார் தொட முடியாது. அதனால்தான் இந்த நாலு பேரும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 'சரி' என்று ஜனங்கள் சொல்லிவிட்டால் அந்த அதிகாரம் மெல்போர்ன் பார்லிமெண்டுக்குப் போகும். அப்புறம் பார்க்கலாம் அந்த மேசையை.

இனி அவரை அனுப்பாதே. நாயை அவிழ்த்துவிடுவேன்.

லெமுவேல்


ஹோபார்ட்
11 மார்ச் 1911

தம்பி லெமுவேலுக்கு,

உன் கடிதத்தில் 'என் செடிகள்' என்று இருந்தது. அந்த இடத்தில்தான் நான் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

ஏழு வயதில் என்னை அந்தச் செடிகளுக்குள் இறக்கிவிட்டார் அப்பா. இருபத்தாறு வயதில் கல்யாணமாகிப் போகிறவரை ஒவ்வொரு டிசம்பரும் நான் அங்கேதான். முள் கிழித்த கோடுகள் இன்னும் முழங்கையில் இருக்கின்றன. சர்ச்சுக்குக் குட்டைக்கை ரவிக்கை போட்டுப் போனதில்லை நான். எனக்கு யாரும் ஒரு காசு கூலி தந்ததில்லை. உனக்குப் பதினாறு வயதானதும் அப்பா குதிரை வாங்கித் தந்தார். எனக்குப் புது வாளி வாங்கித் தந்தார்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று வந்தவர்களுக்கு நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ எல்லார் முன்னாலும் சொன்னாய்: "அக்கா விருந்தாளி, அவங்க உக்காரட்டும்." உனக்கு அது நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

எட்டு வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறேன். என் பெயரில் ஒரு வீடு வேண்டும். என் பங்கை விற்றால் கிடைக்கும். இதில் என்ன பாவம்?

ஓட்டைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. நான் மகளிர் சங்கத்தில் இருக்கிறேன், 'வேண்டாம்' பக்கம் வீடு வீடாகப் போகிறேன். ஹூவானில் விளைகிற பழத்துக்கு மெல்போர்னில் உட்கார்ந்திருப்பவன் சட்டம் போடுவானா? ஹூவான் எந்தத் திசை என்று தெரியுமா அவனுக்கு? இங்கே நாலு ஆலை போனால் அங்கிருந்து ஒரே ஒரு பெரிய ஆலை வரும். அப்போது அழுதுகொண்டு எனக்குக் கடிதம் எழுதுவாய்.

நாயைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த நாய்க்கும் பாதி எனக்குச் சொந்தம்.

ஹெப்சிபா ப்ரூம்


டர்ன்புல் ஓடை
19 மார்ச் 1911

அக்காவுக்கு,

அடேயப்பா! பழைய கணக்கை எல்லாம் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாய். வாளி வாங்கித் தந்ததுகூடவா குற்றம்?

சரி, கஷ்டப்பட்டாய். ஒப்புக்கொள்கிறேன். அப்படிக் கஷ்டப்பட்டவள் போன டிசம்பரில் எங்கள் படகுத்துறைக்கு வந்து நின்றிருக்க வேண்டும்.

ராஸ்பெர்ரி ஆப்பிள் இல்லை, உனக்கே தெரியும். காலையில் பறித்தால் சாயங்காலம் சாறு விடும், மறுநாள் புளித்துப் போகும். திரும்பி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அது தெரிந்துதான் உன் புருஷன் முதலில் விலை சொல்ல மாட்டார். எல்லார் தொட்டியையும் படகில் ஏற்றவிட்டு, எடை போட்டு, படகு ஊதுகிற நேரத்தில் ஒரு சீட்டைப் பிரித்துப் படிப்பார். முந்தின வருஷ விலையில் பாதி.

விதவை ஆக்னஸ் டில்லி கேட்டாள், "ஐயா, நேத்து மத்த ஆலைக்காரரு என்ன வெல சொன்னாரு?" என்று. "அதே வெலதாம்மா. வேணும்னா எறக்கிக்க" என்றார் சிரித்துக்கொண்டே. ஒன்பது தொட்டிப் பழம். அவள் எங்கே கொண்டுபோவாள்? அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். உன் புருஷனுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதாம், போய்விட்டார்.

இதை ஹோபார்ட்டில் வீடு வீடாகப் போகும்போது சொல்கிறாயா? சொல்ல மாட்டாய். லேஸ் வைத்த கையுறை போட்டுக்கொண்டு 'மாநில உரிமை' என்பாய்.

உனக்குத்தான் ஓட்டின்மேல் அவ்வளவு பிரியமாயிற்றே. இங்கே வந்து எங்கள் ஜனங்களைக் கேட்டுப் பார். காறித் துப்புவார்கள்.

லெமுவேல்


ஹோபார்ட்
25 மார்ச் 1911

தம்பிக்கு,

ஆக்னஸ் டில்லியின் பழத்தில் பாதி இலையும் காம்பும் என்று கிளாரன்ஸ் சொல்கிறார். இருக்கட்டும்.

'எங்கள் ஜனங்களைக் கேட்டுப் பார்' என்றாய். கேட்கலாம். டர்ன்புல் ஓடைப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி வைக்கிறார்கள் அல்லவா? நாடு எப்படிச் சொன்னாலும் சரி, நமக்கு அந்த ஒரு பெட்டி போதும். அதில் 'சரி' அதிகம் விழுந்தால் நீ உயிரோடிருக்கிறவரை நான் விற்பனைப் பேச்சே எடுக்க மாட்டேன். கிளாரன்ஸும் எடுக்க மாட்டார். 'வேண்டாம்' அதிகம் விழுந்தால் நீ விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முணுமுணுக்காமல்.

உன் ஜனங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் எழுத்தில் சொல். இல்லாவிட்டால் இனிமேல் எனக்கு எழுதாதே.

ஹெப்சிபா


டர்ன்புல் ஓடை
1 ஏப்ரல் 1911

அக்கா,

சம்மதம். எழுத்தில் தருகிறேன், கீழே பள்ளிக்கூட வாத்தியார் பைபஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "லெம், நெலத்தை வெச்சா பந்தயம் கட்டுவ? புத்தி கெட்டுப்போச்சா?" என்று திட்டிவிட்டுத்தான் போட்டார். சாவடிக்கும் அவர்தான் அதிகாரி. நேர்மையான ஆள், நீயே சொல்வாய்.

எங்கள் ஊரில் நூறு ஓட்டு விழுந்தால் அறுபது என் பக்கம். மேட்டுப் பாதையில் மரம் பிளக்கிறவர்கள், ஓடையோரத்துச் சின்னத் தோட்டக்காரர்கள், ஆக்னஸ் டில்லி, எல்லாரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் ஆப்பிள் வேலை முடிந்ததும் ஒவ்வொரு குடிசையாக நடக்கிறேன். பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அதனால் நானே ஒரு நோட்டீஸ் வரைந்து, அச்சடித்து, வீட்டுக்கு ஒன்று கதவில் ஒட்டியிருக்கிறேன். போன வருஷத் தேர்தலில் கால் எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தேன், ஓட்டே போடவில்லை. அதற்கும் சேர்த்து இந்த வருஷம் உழைக்கிறேன்.

உனக்கும் ஒன்று இதில் வைத்திருக்கிறேன். பெரிய கட்டமும் பெரிய எழுத்துமாக எவ்வளவு அழகாக வந்திருக்கிறது பார். 'சரி' என்பதற்கு நேரே இருக்கிற கட்டத்தில் 1 என்று போடு. அவ்வளவுதான், குருடனுக்கும் புரியும். உன் புருஷனிடம் கொடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொல்.

லெமுவேல்


ஹோபார்ட்
7 ஏப்ரல் 1911

தம்பிக்கு,

உன் ஒப்பந்தம் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நோட்டீஸும் கிடைத்தது. படம் நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே நாலு நாளாக விடாத மழை. சமையலறை ஒழுகுகிறது. வீட்டுச் சொந்தக்காரன் எட்டிப் பார்க்கவில்லை. சொந்த வீடு என்றால் ஒழுகினாலும் நம் வீடு என்று இருக்கும்.

வேறு விசேஷம் இல்லை.

ஹெப்சிபா


டர்ன்புல் ஓடை
28 ஏப்ரல் 1911

அக்கா,

முடிவு உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நாடே 'வேண்டாம்' என்றுவிட்டது. அதை நான் பொறுத்துக்கொள்வேன். லட்சம் பேர் சொன்னால் தலைகுனிந்துதான் ஆகவேண்டும். நம் பெட்டியில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

மொத்தம் நூறு ஓட்டு. நான் 'சரி' பக்கத்து ஏஜெண்டாக மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். பைபஸ் வாத்தியார் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தார். முதல் சீட்டு 'வேண்டாம்'. இரண்டாவது 'சரி', கட்டத்தில் பெருக்கல் குறி. மூன்றாவதைப் பிரித்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தனியாக ஒரு பக்கம் வைத்தார்.

"ஏன் வாத்தியாரே, அது நம்ம சீட்டுதானே?" என்றேன்.

"செல்லாது லெம்."

"'சரி'க்கு எதிர்லதானே போட்டிருக்கு?"

"ஒண்ணு போட்டிருக்காங்க. நம்பர் போடறதெல்லாம் நம்ம மாநிலத் தேர்தல்ல. இது மத்திய சர்க்கார் ஓட்டு. பெருக்கல் குறிதான் போடணும். சீட்டு மேலயே அச்சடிச்சிருக்கே, படிக்கலயா நீ?"

நான் படிக்கவில்லை அக்கா. எல்லாம் தெரிந்தவன் மாதிரி நிமிர்ந்து உள்ளே போனேன், 1 போட்டேன், மடித்தேன், வந்துவிட்டேன். என் ஓட்டும் அந்தக் குவியலில்தான் கிடந்தது.

வாத்தியார் பிரிக்கப் பிரிக்க அந்தக் குவியல் வளர்ந்தது. பதினேழு சீட்டு. அத்தனையிலும் 'சரி'க்கு எதிரே ஒன்று. சிலது கோணலாக, சிலது காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி. பேனா பிடித்தே பழகாத கைகள். என்னை நம்பிப் போட்ட ஒன்றுகள். அதிகாரி சாவடியில் யாருக்கும் எதுவும் சொல்லித்தரக்கூடாதாம், கேட்டால்தான் சொல்லலாமாம். யாரும் கேட்கவில்லை. கேட்பானேன், லெம்தான் வீட்டுக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறானே!

'வேண்டாம்' நாற்பத்து நாலு. 'சரி' முப்பத்து ஒன்பது. செல்லாதது பதினேழு.

வெளியே ஆக்னஸ் டில்லி காத்துக்கொண்டிருந்தாள். "ஜெயிச்சிட்டமா லெம்?" என்றாள். இல்லை என்று தலையசைத்தேன். அவள் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் திட்டியிருக்கலாம்.

இப்போது உன்னிடம் ஒரே கேள்வி. நீ வீடு வீடாகப் போய் ஜனங்களுக்கு ஓட்டுப் போடச் சொல்லித் தருகிறவள். எந்தக் குறி போடவேண்டும் என்று தினமும் பத்துப் பேருக்குக் காட்டுகிறவள். என் நோட்டீஸ் உன் கையில் மூன்று வாரம் இருந்தது.

தெரியுமா, தெரியாதா? மழுப்பாமல் சொல்.

லெமுவேல்


ஹோபார்ட்
4 மே 1911

லெமுவேல்,

தெரியும்.

உறையைக் கிழித்து நோட்டீஸை விரித்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காலை உணவு நேரம். கிளாரன்ஸ் எதிரே உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உன் தம்பி என்ன எழுதியிருக்கான்?" என்றார். "வழக்கமான வசவுதான்" என்றேன்.

அவரிடம் காட்டவில்லை. அவர் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார், ஆலையில் சொல்லியிருப்பார், படகுக்காரன் காதில் விழுந்து உன்னிடம் வந்திருக்கும். அதனால் மாவு டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். மறந்துபோய்ச் சும்மா இருக்கவில்லை நான். தெரிந்தே ஒளித்துவைத்தேன். உண்மை கேட்டாய், முழுசாக வாங்கிக்கொள்.

அந்த மழைக் கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் 'நோட்டீஸ் விஷயமாக ஒன்று' என்று ஆரம்பித்துக் கிழித்தேன். உனக்கு ஒரு வரி எழுத வேண்டும், பதினொரு மணிக்குப் படகுத் தபால் போகும். எழுதினால் அறுபது ஓட்டு வாங்குவாய், பிறகு ஆயுசு முழுக்க நான் விருந்தாளி. எழுதாவிட்டால் எனக்கு ஒரு வீடு. நானும் மனுஷிதான்.

நான் பொய் சொல்லவில்லை. சீட்டைத் திருடவில்லை. எதிராளி தப்புச் செய்யும்போது கூப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? உன் நாலு ஆலை முதலாளிகள்தான் அயோக்கியர்கள் என்றாய். சட்டத்தில் இடமிருக்கிறது, செய்கிறோம் என்றுதானே அவர்களும் சொல்கிறார்கள். ஆமாம், எழுதும்போது அவர்கள் குரல் எனக்கே கேட்கிறது. எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். பத்திரம் இத்துடன் வருகிறது.

ஹெப்சிபா


டர்ன்புல் ஓடை
20 மே 1911

திருமதி ஹெப்சிபா ப்ரூம் அவர்களுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பைபஸ் வாத்தியார் சாட்சி. "போடாத லெம், கோர்ட்டுக்குப் போ, இந்த மாதிரி பந்தயம் எங்கயும் செல்லாது" என்றார். செல்லாத ஓட்டுக்குச் செல்லாத பந்தயம், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வாக்குக் கொடுத்தவன். அதோடு, வீட்டுக்கு வீடு கதவில் அந்த நோட்டீஸ் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இந்த ஊரில் நடமாட முடியாது.

ஜூன் முதல் தேதி ஸீஹான் சுரங்கத்துக்குப் போகிறேன். ஆள் எடுக்கிறார்களாம். குதிரையை விற்றாயிற்று. நாயை வாத்தியார் வைத்துக்கொள்கிறார். உன் பாதியை நீயே அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். என்ன மடையன் இவன், எங்கே போய்க் கற்றான் இதை என்று நீ நினைத்திருப்பாய்.

இரண்டு வருஷம் முன்னால், 1909 ஈஸ்டருக்கு நீ இங்கே வந்திருந்தாய். மாநிலத் தேர்தலில் புதுசாக நம்பர் போடும் முறை வந்திருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நான் போகவே போறதில்லை, வெக்கமா இருக்கு" என்றேன். நீ ஈஸ்டர் ரொட்டி சுற்றி வந்த காகிதத்தைக் கிழித்து, சமையலறை மேசையில் வைத்து, கட்டம் போட்டாய். என் கையைப் பிடித்து எழுதவைத்தாய். "உனக்கு யாரு வேணுமோ அவங்களுக்கு நேரா ஒண்ணு போடுடா. அது போதும். எங்க ஓட்டுப் போட்டாலும் ஒண்ணு போட்டா தப்பே வராது" என்றாய்.

நான் சட்டம் படிக்கிறவன் இல்லை. அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று இருந்துவிட்டேன். அதைத்தான் மற்றப் பதினாறு பேருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

இனி நமக்குள் ஒன்றும் இல்லை. பதில் போடாதே.

லெமுவேல் கீட்


ஹோபார்ட்
2 ஜூன் 1911

லெமுவேல் கீட், ஸீஹான் தபால் நிலையம். வந்து கேட்கும்வரை வைத்திருக்கவும்.

தம்பி,

பதில் போடாதே என்றாய். போடுகிறேன். பிரிக்காமல் அடுப்பில் போட்டாலும் போடு.

அந்த ஈஸ்டர் எனக்கு நினைவே இல்லை. பொய் இல்லை இது. உன் கடிதம் வருகிறவரை நினைவில் இல்லை. நோட்டீஸைப் பார்த்தபோது நீ எழுதியபடியேதான் நினைத்தேன்: இந்த மடையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அப்படி நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன் லெம். மாவு டப்பாவை நகர்த்தும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்திரம் ஒரு வாரம் மேசையில் கிடந்தது. நேற்று கிளாரன்ஸ் பேனாவை மையில் தோய்த்துக் கையில் கொடுத்தார். "என்ன யோசனை? அவனே போட்டுட்டான், நீ போட என்ன?" என்றார். உன் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. வீடு வேண்டும் என்றுதான் போட்டேன். இப்போதும் வேண்டும். வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது, என்ன செய்யச் சொல்கிறாய்.

ஆலைக்காரர்கள் திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறார்கள். செடிகளை வைத்துக்கொள்வார்களாம். ஆக்னஸ் டில்லியிடமும் விலை கேட்டிருக்கிறார்களாம்.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ தரமாட்டாய், தந்தால் எனக்குத் தாங்காது. ஒரே ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன். இன்றைய பத்திரிகையில் போட்டிருக்கிறது, இதே கேள்வியை இன்னும் ஒரு தடவை ஜனங்களிடம் கேட்கப் போகிறார்களாம். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ. சுரங்கத்திலும் சாவடி வைப்பார்கள். நீ போவாய், உன்னை எனக்குத் தெரியும். கூட இருக்கிறவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பாய்.

கட்டத்துக்குள் பெருக்கல் குறி போடு. ஒன்று போடாதே. எல்லாரிடமும் சொல்.

அக்கா